அடுப்புக்கடியில் இருந்த மச்சம்

பிப்ரவரி 3
பட்டறையில் நாளெல்லாம் கிரானைட் அறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்திலும் அதே கல். மகள் துண்டுகளைப் பரப்பிவைத்து லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பாலிஷ் போடுவதைத்தான் அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறாள். பத்தாவதோடு நின்றவனுக்குக் கல்லின் மேல்பக்கம் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவள் இலாகா.

பிப்ரவரி 5
வெளிர்க் கல்லில் கறுப்புத் திட்டு இருந்தால் நாங்கள் மச்சம் என்போம். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இவளுக்கோ ஆராய்ச்சியே அந்த மச்சம்தான்! பூமியின் அடியாழத்திலிருந்து கருங்குழம்பு கொதித்து ஏறுமாம். அந்தச் சூட்டில் மேலோட்டுப் பாறை உருகி வெளிர்க் குழம்பாகுமாம். இரண்டும் கலந்து, ஆறி, இறுகியதுதான் இந்தக் கிரானைட். கலக்காமல் தங்கிப்போன கருங்குழம்பு உருண்டைதான் மச்சம். எப்பேர்ப்பட்ட சமாசாரம். நான் அதன்மேல் டீ கிளாஸை வைத்திருக்கிறேன்.

"நானும் உங்கம்மாவும் மாதிரியா?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னும் கலக்கவே இல்லியேப்பா."

அடியிலிருந்து கொதித்து வருவது யார் என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொல்லிச் சமையலறையிலிருந்து ஒரு குரல்.

பிப்ரவரி 11
அவள் பேராசிரியர் நம்பவில்லை. மச்சம் என்பது குழம்புக்குள் விழுந்த பழைய பாறைத் துண்டாகவும் இருக்கலாமே என்கிறார். அப்படியானால் இவள் உழைப்பெல்லாம் போச்சு. ஆனால் இவளிடம் ஒரு கல் இருக்கிறது. வெளிர்ப் பக்கத்துப் படிகம் ஒன்று, பாதி மச்சத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக, ஓரத்தில் குறுக்கே நிற்கிறது. மச்சம் கெட்டியாக இருந்திருந்தால் அது எப்படி நுழையும்? இரண்டுமே குழம்பாக இருந்தபோதுதானே? மாதக் கடைசியில் தேர்வாளர்கள் முன்னால் அதைக் காட்ட வேண்டும். அறுத்துப் பாலிஷ் போட என்னிடம் கொடுத்திருக்கிறாள். என்னிடம்!

பிப்ரவரி 13
செய்து தொலைத்தேன்.
மச்சத்தைக் கண்டால் அதன் ஓரத்தோடு ரம்பத்தை விட்டு நீக்குவதுதான் என் தொழில். கை அதையே செய்தது. மாசு மருவில்லாத கல்லைப் பெருமையாக நீட்டினேன்.
"அந்த ஓரம் எங்கப்பா?"
எங்கே... ரம்பம் தின்று, மாவாகி, தண்ணீரோடு சாக்கடையில் போய்விட்டது. அந்தக் கல்லை எடுத்த குவாரியில் இப்போது குளம்போல் தண்ணீர் நிற்கிறது, வேறு கல் எடுக்க வழியில்லை. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 14
பட்டறைக்குப் போகவில்லை. நானெல்லாம் ஒரு தொழில்காரன்.

பிப்ரவரி 16
காலையில் மனைவி அடுப்பை நகர்த்தித் துடைத்துக்கொண்டே சொன்னாள்.
"அதே குவாரிக் கழிசல் கல்லு ஒண்ணு இந்த மேடையிலயும் இருக்கே. நீங்கதானே மச்சம் தெரியக்கூடாதுன்னு மேல அடுப்ப வெச்சீங்க?"
மகள் பல்லைக்கூடத் துலக்காமல் சமையல் மேடைமேல் கவிழ்ந்துவிட்டாள். கையில் லென்ஸ். மச்சத்தின் ஓரத்தைச் சுற்றி வந்தாள். பிறகு, "ஓரம் முழுக்க படிகம் நிக்குதும்மா" என்றாள்.
மேடையை வெட்டலாமா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. மனைவியே பாத்திரங்களை இறக்கத் தொடங்கினாள்.

பிப்ரவரி 17
மகள் கோடு போட்டாள். நான் அறுத்தேன். "இங்கதானே?" என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுத்தேன்.

பிப்ரவரி 27
பல்கலைக்கழகத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதி புரியவில்லை. ஆனால் இந்தப் பெண்ணையா நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன்? அடியாழத்தையும் மேலோட்டையும் கையால் கலந்து காட்டினாள். கல்லை எங்கே எடுத்தாய் என்று ஒரு தேர்வாளர் கேட்டார்.
"எங்க வீட்டு அடுப்புக்கு அடியில, சார். குவாரி எதுன்னு அப்பாவுக்குத் தெரியும்."
எல்லோரும் சிரித்தார்கள், பேராசிரியரைத் தவிர. அவர் லென்ஸை எடுத்து அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "கொழம்பாத்தான் இருந்திருக்கு" என்றார்.
கண்ணில் கல்தூசி. அந்த அறையில் கல்தூசி ஏது?

மார்ச் 6
ஒரு வாடிக்கையாளர் மச்சக் கல் வேண்டாமென்று திருப்பிவிட்டார். வாங்கிவந்து மேடை ஓட்டையில் பொருத்தினேன். மச்சம் நட்ட நடுவில் தெரிகிறது. அடுப்பு ஓரத்துக்குப் போய்விட்டது.