மைனாவுக்குத் தைத்த சட்டை

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், என் ஆள்காட்டி விரலைத் தவிர. நீயும் நலம் என்று உன் கையால் ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அந்தச் சுரங்கப்பாதை வேலையிடத்தில் போன் எடுக்காது என்று தெரியும், ஆனால் மாதம் தவறாமல் வரும் கடிதமும் இந்த முறை வரவில்லையே. எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பதறாதே, தையல் மிஷின் ஊசி விரலில் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். எப்படி இறங்கியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் கேட்டருகே மரத்தடியில் ஒரு மைனாக் குஞ்சு கிடந்தது. ஒரு சிறகு தொங்கிப்போய், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை சுவர்மேல் உட்கார்ந்து நல்லபிள்ளை போல முகம் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் தையல்தானே, மீந்த துணியில் ஒரு குட்டிச் சட்டை தைத்து, சிறகை உடம்போடு சேர்த்து இறுக்கிப் போட்டுவிட்டேன், முதுகில் கொக்கிகூட வைத்தேன். பஸ் டிப்போவில் வேலை முடிந்து வந்த உன் அப்பா பார்த்துவிட்டு, "பாக்கெட் வைக்க மறந்துட்டியே" என்றார். பாலில் நனைத்த ரொட்டியை அதன் வாயில் வைக்கப் போனபோது, பள்ளி நூலகத்துப் பறவைப் புத்தகத்தோடு ஓடிவந்த உன் தங்கை, "பாலும் வேண்டாம், தண்ணியும் ஊத்தாதம்மா, மூச்சுக்குழாயில போயிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டை போட்ட செருப்புப் பெட்டியில் துணி விரித்து, குஞ்சை வைத்து மூடி, சத்தமில்லாத இருட்டில் வைக்கச் சொன்னாள். உன் அறையில் வைத்தோம். கால்நடை மருத்துவமனை மறுநாள் காலைதான் திறக்கும்.

அன்று பொழுது சாயும் நேரம் மிஷினில் இருந்தேன். கேட்டில் உன் விசில் கேட்டது. வேலை முடிந்து வரும்போது அடிப்பாயே, அதே விசில். திரும்பினேன், ஊசி இறங்கியது. ரத்தக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தால் கேட்டில் ஒருவரும் இல்லை, தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆளில்லாத உன் அறைக்குள்ளே பெட்டி மட்டும் சரக் சரக்கென்று நகர்ந்துகொண்டிருந்தது. "அவன் வந்தா என் பஸ்லதானே வரணும், எனக்குத் தெரியாமலா?" என்றார் அப்பா, ஆனால் அவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தார். உன் கடிதம் வராததும் இந்த விசிலும் என் மனதில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன.

காலையில் பெட்டியைத் திறந்தால் குஞ்சு கண் சொருகிக் கிடந்தது. பெட்டியோடு மருத்துவமனைக்கு ஓடினோம். "யாரு தைச்சது? கடையிலகூட இவ்வளவு நல்லா தைக்க மாட்டாங்க. ஆனா மூச்சு விட நெஞ்சு அசையணுமேம்மா" என்று கால்நடை டாக்டரம்மா சட்டையைக் கத்தரித்தார். கொஞ்ச நேரம் அது அசையவே இல்லை. நீ பிறந்து அழாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் என் நினைவுக்கு வந்தது. பிறகு நெஞ்சு ஏறி இறங்கியது. சிறகு முறியவில்லையாம், அடிதான். பூனைப் பல் பட்ட இடத்துக்கு மருந்து போட்டு இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து, தேறியதும், "தாய் தேடிக்கிட்டிருக்கும், எடுத்த இடத்துலயே விடுங்க" என்று கொடுத்தார். சாயங்காலம் மரத்தடியில் விட்டோம். உடனே கிளையிலிருந்து உன் விசில்! ஒரு பெரிய மைனா. வருஷக்கணக்காக உன்னைக் கேட்டுப் பழகி, தன் குஞ்சை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் விசிலில் மூன்று துண்டு உண்டு, கடைசித் துண்டு கீழே வளையும், மைனாவுக்கு முதல் இரண்டுதான் வருகிறது என்றாள். அன்று நான் கேட்டது எத்தனை என்று கேட்டாள். ஊசி இறங்கிய விரலைப் பார்ப்பேனா, துண்டை எண்ணுவேனா!

நேற்று முன்தினம் குஞ்சும் பறந்துவிட்டது, மரத்தில் இப்போது ஒரு மைனாவும் இல்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டில் விசில் கேட்டது. மூன்று துண்டும் வந்தது. எட்டிப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை. உன் தங்கையின் பேனா நின்றுபோனதால்தான் இங்கே மை ஊறியிருக்கிறது.

நீ நூறாண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் சுரங்கத்துக்குள் போகாதே. அடிபட்ட குஞ்சைக் கண்டால் என்னைப் போல் இறுக்கிக் கட்டாதே, பெட்டியில் வைத்து, கையைக் கழுவிவிட்டு, டாக்டரிடம் கொண்டு போ. இது கிடைத்ததும் ஒரு வரி எழுது. கேட்டைத் தாழிடாமல்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா

அண்ணா, இது அம்மா உள்ளே போனபின் நானாக எழுதுவது. கேட்டை நான் தாழிட்டுவிட்டேன். வந்தது நீதான் என்றால் கோபித்துக்கொள்ளாதே. விசில் அடிக்காமல், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.