போர்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனவள்

மேட்டு வீடு,
மார்ச் 4, 2019, காலை

என்னங்க,

சூப்புக்கு மிசோ விழுது எடுக்க டப்பாவைத் திறக்கும்போதுதான் இதைப் பார்ப்பீர்கள். அதற்குள் நானும் நம் மகளிர் சங்கத்தாரும், பதினான்கு பேர், தைவானுக்கு விமானம் ஏறியிருப்போம்.

ஒரு தப்புச் செய்துவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்ல தைரியம் வரவில்லை. உங்கள் சாம்பல் நிறப் போர்வையைத் துவைத்து, மடித்து, என் பெட்டியில் எடுத்துப் போகிறேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த வாரம், பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் நடுங்கிக் கிடந்த நமக்கு அதை அனுப்பிய தொண்டு சங்கத்தை நாளை பார்க்கப் போகிறோம். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தராத ஊர் நம்முடையது. எட்டு வருடமாக ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அதைப் போர்த்திக்கொண்டு வீட்டோடு கிடக்கிறீர்கள். துறைமுகத்துக்கு ஒரு நாள்கூட இறங்கவில்லை. போர்வை போனால் நீங்களும் எழுந்திருப்பீர்களோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

போனில் பேச உங்களுக்குப் பிடிக்காது. ஹோட்டலின் ஃபேக்ஸ் எண் கீழே இருக்கிறது. திட்டுவதானால் ஒயிகாவா அக்கா கடையிலிருந்து அனுப்பித் திட்டுங்கள்.

கினுயே


மேட்டு வீடு,
மார்ச் 5

கினுயே,

அலமாரியைக் கவிழ்த்துத் தேடினேன். அப்புறம்தான் மிசோ டப்பா. வேலியே பயிரை மேய்ந்த கதையாக இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அது எனக்குக் கொடுத்த போர்வை. ராத்திரி கண்ணே மூடவில்லை.

வீட்டோடு கிடக்கிறேனாம். துறைமுகத்தில் எனக்கு என்ன இருக்கிறது? படகும் இல்லை, தம்பியும் இல்லை.

ஒயிகாவா அக்காவையும் உன்னோடு கூட்டிப் போய்விட்டு, அவள் கடையிலிருந்து அனுப்பச் சொல்கிறாய். பூட்டுத் தொங்குகிறது. புத்தி வேண்டாமா? எங்கிருந்தாவது அனுப்பித் தொலைக்கிறேன்.

கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதே. கொடுத்துவிட்டால் கேட்டு வாங்கி வா.

தோகுஜி

நீ சமைத்து, செவ்வாய்க்கிழமை என்று சீட்டு ஒட்டி வைத்த டப்பாவில் கத்திரிக்காய் உப்புக் கரிக்கிறது.


ஹுவாலியென், தைவான்,
மார்ச் 6

என்னங்க,

நேற்று மாலை ஹோட்டலுக்குத் திரும்பியதும் உங்கள் தாளைக் கொடுத்தார்கள். நாலு தடவை படித்து நாலு தடவையும் திட்டு வாங்கினேன். ஐந்தாவது தடவைதான் மேலே இயந்திரம் அடித்திருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. ‘துறைமுக மீனவர் கூட்டுறவுச் சங்கம், காலை 7:12.’

கீழே போனீர்களா? நீங்களா?

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒயிகாவா அக்கா ஓடி வந்து, “என்னடி, வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆயிடுச்சா?” என்று பதறினாள். “ஆயிடுச்சுக்கா. துறைமுகத்துக்கு இறங்கிட்டாரு” என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

போர்வை பத்திரமாக இருக்கிறது. தொண்டு சங்கத்தில் என்னைவிட வயதான பெண்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து, காலி பாட்டில்களின் மூடியைத் திருகித் திருகிப் பிரிக்கிறார்கள். அந்தப் பாட்டிலிலிருந்துதான் நூல், நூலிலிருந்து போர்வை. நீங்கள் எட்டு வருடமாகப் போர்த்தியது பாட்டிலையாம்!

அங்கே தலைவி ச்சியூ அம்மா. போர்வையையும் நம் கடல்பாசிப் பொட்டலத்தையும் இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. “கொடுத்ததைத் திருப்பித் தந்தா, இனிமே நமக்குள்ள ஒண்ணும் வேணாம்னு அர்த்தம்மா எங்க ஊர்ல. நாங்க என்ன தப்புப் பண்ணோம்?” என்று கேட்டார். மொழிபெயர்த்த பெண் அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பதினான்கு பேரும் குனிந்து மன்னிப்புக் கேட்டோம். எங்களை நிமிர்த்த வந்தவர்களும் குனிந்தார்கள். யார் முதலில் நிமிர்வதென்று தெரியாமல் எல்லோரும் அப்படியே நின்றோம். மூடி திருகிக்கொண்டிருந்த ஒரு கிழவி சிரித்த பிறகுதான் உயிர் வந்தது.

“பாசியைக் குடுங்க, சூப்பு வைக்கிறோம். போர்வை உங்க வீட்டுக்காரருக்குத்தானே குடுத்தது? கிழியற வரைக்கும் அவரே போர்த்திக்கட்டும்” என்றார் ச்சியூ அம்மா. வெட்கமாக இருந்தது. ஆனால் எட்டு வருடப் பாரம் இறங்கிவிட்டது.

இன்று பளிங்கு மலைகளைப் பார்த்தோம். எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்குத் துறைமுகத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

இதைக் கூட்டுறவுச் சங்கத்துக்கே அனுப்புகிறேன். வாங்க வேண்டுமானால் நீங்கள் இன்னொரு முறை இறங்க வேண்டும். இறங்குவீர்களா?

கூட்டுறவு ஆபீஸில் இதை எடுக்கிற குமகாய் அண்ணா, படித்தது போதும். அவரிடம் கொடுங்கள்.

கினுயே


துறைமுகம்,
மார்ச் 8

கினுயே,

குமகாய் மேட்டுக்கு வந்தான், கடிதத்தைக் கொண்டுவரவில்லை. “ஆபீஸ்லயே வச்சிருக்கேன், வேணும்னா வந்து வாங்கிக்கோ” என்று வாசலில் கத்திவிட்டுப் போய்விட்டான்.

முதல் தடவை கோபத்தில் இறங்கிவிட்டேன், கால் போனதே தெரியவில்லை. இந்தத் தடவை கோபம் இல்லை. நேற்று பாதி வழியில், கடல் கண்ணில் படுகிற வளைவோடு திரும்பிவிட்டேன். இன்று அந்த வளைவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு வந்தேன்.

இங்கே ஊரே உன் கடிதத்தையும் என் கடிதத்தையும் படித்துவிட்டது. “கத்திரிக்கா உப்பாமே?” என்று மீன் ஏலம் விடுகிறவன் கேட்கிறான்.

தம்பிக்கு ஒரு சிகரெட் பற்றவைத்துக் கரையில் வைத்தேன். காற்றில் அணையாமல் கடைசிவரை எரிந்தது.

பாசி அறுவடைக்குக் குமகாய்க்கு ஆள் போதவில்லையாம். பதினோராம் தேதி, கடல் வந்த நாளில், தம்பியைக் கும்பிட்டுவிட்டு, பன்னிரண்டிலிருந்து வேலைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போர்வையை மறக்காமல் கொண்டு வா. விடியற்காலையில் படகில் குளிரும்.

தோகுஜி