இன்னொரு வீரகேசவன்

கொரட்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜெகதீசுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் வித்யாவும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டப்ளினில் குளிர் கடுமை என்று செய்தியில் பார்த்தேன். குழந்தைக்குக் காதை மூடிவிடுங்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய்.

அந்தக் கட்சித் தலைவர் வீரகேசவன் கைதானதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஏரி நிலத்தை வளைத்து விற்றது அவர். தெருவின் பார்வை முழுக்க என் மேல். எதிர்வீட்டுப் பரந்தாமன், "இன்னா சார், ஒரே பேரா கீது, சொந்தம் எதுனா உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இல்லை என்றேன். மறுநாள், நம் மாடி எப்படிக் கட்டினோம் என்று பால்காரரிடம் விசாரித்திருக்கிறார். எனக்கும் இப்போது யாரைப் பார்த்தாலும் சந்தேகம். வாசலில் இரண்டு பேர் பேசினால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறேன்.

போகட்டும். கேட்க வந்தது வேறு.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் வேண்டும் என்றதும் என் பெயரைச் சேர்த்து ஜெகதீஷ் வீரகேசவன் ஆனாய். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. போன வாரம் வித்யா, குழந்தைக்கு நிஷா ராஜ் என்று பதிந்ததாகச் சொன்னாள். ராஜ் யார் என்றேன். போனை உன்னிடம் கொடுத்துவிட்டாள். "நெட்ல நம்ம பேரைத் தட்டினா அந்தாளு மூஞ்சிதாம்பா வருது. கொழந்தைக்கு அது எதுக்கு? அதான் நானும் மாத்திக்கினேன்" என்றாய். நியாயமாகத்தான் பட்டது.

பிறகுதான் ஞாபகம் வந்தது. கொரோனா முடிந்த வருடம் நீ வந்துவிட்டுக் கிளம்பும்போது கால்டாக்ஸி டிரைவர், "ஜெகதீஷ் ராஜ் சார் ஊடு இதானா?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்வதற்குள், "நான்தான், வரேன்" என்று பெட்டியைத் தூக்கினாய். ஏதோ தவறாகப் பதிவாகியிருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். அந்தத் தலைவர் அப்போது கட்சியே ஆரம்பிக்கவில்லை. அன்று உனக்குத் தெரிந்த வீரகேசவன் நான் ஒருவன்தான்.

அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருக்கிறது. தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டியவன் பெயர் அங்கே உனக்கு இடைஞ்சலாக இருந்ததா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. காரணத்தை நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் செய். அந்த ஆளால்தான் மாற்றினேன் என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. நான் நம்பிக்கொள்கிறேன்.

வித்யாவுக்கு என் ஆசி. நிஷா நோய்நொடி இல்லாமல் வளரட்டும். பேச ஆரம்பித்ததும் தாத்தா என்று சொல்லப் பழக்கு. என் பெயர் சொல்லித்தர வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா.