கழுத்து முறிந்த கிட்டார்

இராஜபாளையம்
ஞாயிறு, 1988

அன்புள்ள அத்தானுக்கு,

இடது கையில் விரல் இல்லாதவன் ஊருக்கு வந்து என்ன செய்ய என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தீர்கள். அதற்கு இது பதில் இல்லை. கிட்டாரைப் பற்றி எழுதுகிறேன்.

பட்டாளத்திலிருந்து உங்கள் டிரங்குப் பெட்டியோடு அதுவும் கழுத்து முறிந்து வந்து சேர்ந்தது. செங்கோட்டை ரயில் கூவும்போதெல்லாம் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. முறிந்த இடத்தில் மரப்பசை தடவி, எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டினேன். நாள் முழுக்கப் பேண்டேஜ் சுற்றுகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? மறுநாள் துணியும் சேர்ந்து ஒட்டியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுத்தேன். கரண்டில் வாசிக்கிற கிட்டார் இல்லையா, உள்ளே அறுந்த ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

விரலைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. போகட்டும்.

நேற்று ரேடியோ கடை தவசிமுத்து அதை ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டித் தட்டிப் பார்த்தான். சத்தம் நன்றாக வந்தது. பிறகு சிரித்தான்.

“என்னக்கா, கம்பி அம்புட்டையும் தலைகீழா மாட்டிட்டிய. இப்பிடி இருந்தா இடக்கைக்காரன்தான் வாசிக்க முடியும்.”

“தெரிஞ்சுதாம்ல மாட்டினேன்” என்றேன்.

இனி வலது கை கம்பியை அழுத்தட்டும். மீட்டுகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டை உங்கள் இடது கையோடு சேர்த்துக் கட்ட என்னிடம் பேண்டேஜ் துணி இருக்கிறது. வலது கைக்கு அந்த வேலை தெரியாதுதான். எனக்கும் ஈயம் வைக்கத் தெரியாது.

வாசலுக்கும் அடுப்படிக்கும் இடையில்,
உங்கள் வீட்டுக்காரி