பீரோவுக்குப் பின்னால் உள்ள சுவர்

என் அன்பானவளுக்கு,

மாதா படத்துக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியை அணைக்காமல் கோயிலுக்குப் போனேனே, அதனால்தானே தீப்பிடித்து நம் பெண் போய்விட்டாள் என்று சொல்லிச் சொல்லி தன் வீட்டில் நீ சாப்பாட்டையே விட்டுவிட்டதாக உன் அக்கா ஃபோனில் அழுதாள். நீ ஃபோனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

தீயணைப்புத் துறையில் இருக்கும் எதிர்வீட்டு யூஜின் நேற்று ஆவடியில் தன் தீ விசாரணைப் பயிற்சிக்கு என்னையும் அழைத்துப் போனான். கட்டில், திரைச்சீலை எல்லாம் வைத்த ஓர் அறையைக் கொளுத்தி அணைத்திருந்தார்கள். தீ எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். எத்தனையோ விடைத்தாள் திருத்தியவன், நானும் அதிகம் கருகிய மூலையைத்தான் காட்டினேன். அங்கே ஒரு மெழுகுவர்த்தி உருகிக் கிடந்தது.

"எல்லாரும் அங்கதான் சார் கை காட்டுவாங்க. பாவம், நான் இல்லன்னு சொல்ல மெழுகுவத்திக்கு வாயா கீது?" என்றார் பயிற்சியாளர். சாம்பலை வாரிவிட்டுக் கட்டிலுக்குப் பின்னால் காட்டினார். கரி அங்கிருந்த பிளக்கிலிருந்து மேலே விரிந்திருந்தது. குழாய் ஒழுகுவது ஓரிடம், தண்ணீர் தேங்குவது வேறிடம் இல்லையா? அதுபோலத்தான்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். நம் ஷாரனின் நாற்பதாம் நாள் பூசைக்காக உன் தம்பி அவள் அறைக்கு வெள்ளையடித்து முடித்திருந்தான். சுவரில் இருந்த கரித்தடம் எல்லாம் மறைந்துபோயிருந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது. பீரோவை நகர்த்தச் சோம்பல்பட்டு, அதன் பின்னால் மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறான். ஏசி பிளக் அங்கேதான் இருக்கிறது. மாதா படம் எதிர்ச்சுவரில்.

சனிக்கிழமை யூஜின் வந்து பீரோவை நகர்த்துவான். அங்கே ஒன்றும் இல்லாமலும் போகலாம். அதுவரை கஞ்சியாவது குடி. கரி எந்தச் சுவரைக் காட்டினாலும் எனக்கு நீ வேண்டும்.

கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,
உன் வாத்தியார்