எண் மட்டும் எழுதிய சீட்டு

அக்கா,

இன்று காலை நாட்காட்டித் தாளைக் கிழித்தேன். கை தவறித் தரையில் குப்புற விழுந்தது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் அதையே முறைத்துக்கொண்டு நின்றேன். நீ செத்து ஆறு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு வெற்றுத்தாளைக்கூட என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

அந்தத் தாள்களைத்தானே நீ சேர்த்து வைப்பாய். நாலாக வெட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பைக்குள் வைத்திருப்பாய். முப்பது வருடம் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்ற பழக்கம். சபையில் யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் போய் நிற்பாய். உட்கார்ந்து கேட்பாய். கொடுக்கிற காப்பியைத் தொடமாட்டாய். கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதி மேசைமேல் வைப்பாய். அதில் வேதவசனம்கூட இருக்காது. எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம், எத்தனையாவது வசனம், அவ்வளவுதான். "எடுத்து வாசிங்க, சரியாப்போகும்" என்பாய். பிள்ளை பரீட்சையில் தோற்றால் ஒரு எண். புருஷன் குடித்துவிட்டு வந்தால் ஒரு எண். முட்டி வலிக்குக்கூட எழுதிக் கொடுத்திருக்கிறாய், மகராசி. காரைக்குடியில் நம் சபைக்காரர்களில் பாதிப் பேர் வீட்டு ஃபிரிட்ஜில் உன் கையெழுத்துதான் ஒட்டியிருக்கிறது.

உன் அடக்கத்தன்று ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். "அக்கா எழுதிக் குடுத்த ஒத்த வசனத்துலதான் நான் இன்னைக்கு உசுரோட நிக்கிறேன்" என்று ஒருத்தி ஓவென்று அழுதாள். கூடப்பிறந்தவள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் திடீரென்று மாரடைப்பில் போனபோது எனக்கும் ஒரு சீட்டு கொடுத்தாய். மனசு உடைந்தவர்களுக்குப் பக்கத்தில் கர்த்தர் இருக்கிறார் என்கிற சங்கீத வரி. அப்போது மகள் பியூலாவுக்குப் பன்னிரண்டு வயது, மகன் சாமுக்கு எட்டு. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். சத்துணவுக் கூடத்தில் அரிசி அளந்து போடும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அது என்னைத் தாங்கியது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அன்றிலிருந்துதான் எதற்கெடுத்தாலும் உன்னிடம் ஓடிவரத் தொடங்கினேன். வேதப்புத்தகம் என் அலமாரியிலேயே இருந்தது. அதைத் திறக்க உன் சீட்டு வேண்டியிருந்தது.

பியூலா கல்லல் பக்கத்துப் பையனைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்றும் உன்னிடம்தான் ஓடிவந்தேன். விவசாயக் குடும்பம், நல்ல பையன், பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் வேலை. குன்றக்குடியில் முருகன் சந்நிதியில் தாலி கட்டுவதாக முடிவாகியிருந்தது. நீ எல்லாவற்றையும் கேட்டாய். நான் அழுது முடிக்கிறவரை பொறுமையாக இருந்தாய். பிறகு கைப்பையைத் திறந்து எழுதினாய். வீட்டுக்கு வந்து எடுத்து வாசித்தேன். விசுவாசம் இல்லாதவர்களோடு ஒரே நுகத்தில் பூட்டிக்கொள்ளாதே என்று இருந்தது.

நான் என் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை.

அது போதாதென்று அடுத்த வருடம் ஒன்று வந்தது. பேத்திக்குக் காதுகுத்து. பியூலாவே போன் பண்ணினாள். "அம்மா, நீ வராட்டியும் பரவால்ல. தம்பிய மட்டும் அனுப்பி விடும்மா. தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துறது? அவுக சனம் முன்னாடி நான் அநாதையா நிக்கணுமா?" நம் பக்கத்தில் அது என்ன மாதிரி வார்த்தை என்று உனக்குத் தெரியாதா? தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துகிற பிள்ளைக்குத் தாய்வீடு செத்துப்போயிற்று என்று அர்த்தம். சாம் சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தான். நான் மறுபடியும் உன்னிடம் வந்தேன். நீ சீட்டுகூட எழுதவில்லை. "முந்தி குடுத்தது எதுக்குடி? மடி குடுக்குறதும் பூட்டிக்கிறதுதான்" என்றாய். நான் வீட்டுக்கு வந்து சாமைப் போகவேண்டாம் என்று சொன்னேன். என் பேத்தி, மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள். அதன்பிறகு பியூலா எனக்குப் போன் பண்ணவே இல்லை.

போன வருடம் அவளுக்கு இரண்டாவது பெண் பிறந்தது. யாரோ வாட்ஸ்அப்பில் வைத்திருந்த படத்தைச் சாம் காட்டித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது பார் ஒரு கோபம். உன்னை உன் ஆயுதத்தாலேயே அடிக்கவேண்டும் என்று தோன்றியது. உன் வாயை அடைக்கிற மாதிரி ஒரு வசனம் அந்தப் புத்தகத்தில் இல்லாமலா போய்விடும்? அலமாரியிலிருந்து எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். தினமும் காலையில் மூன்று அதிகாரம், ஒன்றையும் விடாமல். பக்தியாலல்ல அக்கா, வீம்பால்.

பெயர்ப் பட்டியல்களும் பலி முறைகளும் என் உயிரை வாங்கின. ஆனால் இடையிடையே, நான் தேடாத இடத்தில், யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளையோடு வனாந்தரத்தில் துரத்திவிடப்பட்ட ஓர் அடிமைப்பெண். தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையை ஒரு செடியடியில் போட்டுவிட்டு, அது சாவதைப் பார்க்கமாட்டேன் என்று தள்ளிப்போய் உட்காருகிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண்ணாடி மங்கிப்போய்த் துடைத்துக்கொண்டு வாசித்தேன். பிள்ளையின் அழுகைக்குக் கடவுள் காது கொடுத்தார் என்று இருக்கிறது. நீ யாருக்காவது அவளை எழுதிக் கொடுத்திருக்கிறாயா?

மூன்றாவது மாதம் கிடைத்தது எனக்கு வேண்டியது. நாலே நாலு அதிகாரம். வேற்று இனத்துப் பெண், வேற்றுத் தெய்வம் கும்பிட்ட வீட்டில் பிறந்தவள், நம் வேத சனத்தில் ஒருவனைக் கட்டுகிறாள். அவன் செத்த பிறகும் மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று கூடவே நடந்துவருகிறாள். அவள் வழியில்தான் ராஜாவே பிறக்கிறார். ஆண்டவரின் வம்சமே அவளிலிருந்து வருகிறது. அன்றைக்கே நாட்காட்டித் தாளை உன்னைப் போலவே நாலாக வெட்டி, எண்ணை மட்டும் எழுதி, ஷேர் ஆட்டோ பிடித்து உன் வீட்டுக்கு வந்தேன்.

உனக்கு அப்போதே உடம்பு விட்டுப்போயிருந்தது. கால் இரண்டும் வீங்கி நாற்காலியில் சாய்ந்திருந்தாய். உன் மருமகள் காப்பி கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. சீட்டை உன் முன்னால் வைத்தேன். பார்த்தாய். புத்தகத்தைத் தேடவில்லை.

"இது எனக்குத் தெரியும்டி" என்றாய்.

"தெரிஞ்சா ஏன் எனக்கு எழுதல?"

"அந்தப் பிள்ளை நம்ம தேவனை ஏத்துக்கிட்டாளே."

"மாமியா கையப் பிடிச்சுக் கூட நடந்ததுனாலதான் ஏத்துக்கிட்டா. கல்யாணத்தன்னைக்கே கதவச் சாத்தியிருந்தா எங்குட்டு வந்திருப்பா?"

நீ சீட்டைக் குப்புறத் திருப்பி வைத்தாய். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாய் பார், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

"நானா உன்னத் தேடி வந்தேன்? நீ வந்த. உன் மூஞ்சியப் பாத்தேன். மகளுக்காக அழுகல நீ. ஞாயித்துக்கெழம சபையில சனம் என்ன பேசும்னு அழுத. போகாம இருக்க ஒரு சாக்கு வேணும்னு வந்திருந்த. கேட்டு வந்ததத்தான்டி எழுதிக் குடுத்தேன்."

எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அன்றைக்கு வராத பதில் இப்போது வருகிறது, கேட்டுக்கொள். மருந்துக் கவுண்டரில் அப்படித்தான் கொடுத்தாயா? தூக்க மாத்திரை நூறு வேண்டும் என்று ஒருத்தி வந்து நின்றால், கேட்டாளே என்று எடுத்து நீட்டுவாயா? என் மூஞ்சியில் கோழைத்தனம் தெரிந்ததென்றால் அதற்கல்லவா மருந்து எழுதியிருக்கவேண்டும்? தெரிந்தே கொடுத்தாய். தெரியாமல் கொடுத்திருந்தால்கூட உன்னை விட்டிருப்பேன்.

ஆனால் நீ சொன்னது உண்மை. அதுதான் தாங்கவில்லை. நான் எண்பது பிள்ளைகளுக்குத் தினம் சோறு போட்டவள். ஒரு பருக்கையை எடுத்துக் கொடுத்து இதுதான் சாப்பாடு என்றால் எந்தப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளாது. நான் ஒத்துக்கொண்டேன். எனக்குப் பிடித்த பருக்கையாக இருந்ததால் ஒத்துக்கொண்டேன்.

சண்டைக்காகத் திறந்த புத்தகம். சண்டைபோட ஆளில்லாமல் போன பிறகும் மூட முடியவில்லை. சங்கீதங்களுக்கு வந்தேன். நீ எனக்கு எழுதிக் கொடுத்த அந்த ஒற்றை வரியைச் சுற்றி எத்தனை சத்தம் தெரியுமா! எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். கட்டில் நனைய அழுகிறார்கள். எதிரியின் பல்லை உடைக்கச் சொல்கிறார்கள். என்னைப் போல வாய்க்காரர்கள்! அவர்களை ஒருவரும் வெளியே தள்ளவில்லை, புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். வாசித்துவிட்டு எழுந்தால் வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருடம் சபைக்குப் போயும் அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. இதை உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்று ஒரு நாள் அழுதேன். அழுததற்காகவும் உன் மேல்தான் கோபம் வந்தது.

போன மாதம் சின்னவளுக்குக் காதுகுத்து. எங்களுக்கு அழைப்பு இல்லை, சாம்தான் வாட்ஸ்அப்பில் பார்த்துச் சொன்னான். "கூப்பிடலையேம்மா" என்று சாம் தயங்கினான். "கிளம்புடா" என்றேன். குன்றக்குடியில் மலையடி மண்டபத்தில் சமுக்காளம் விரித்து அவர்கள் சனம் உட்கார்ந்திருந்தது. சம்பந்தியம்மாள்தான் முதலில் பார்த்தது. "வாங்க சம்மந்தி, இம்புட்டு நாளா எங்குட்டுப் போனீக? இங்குட்டு உக்காருங்க" என்று இடம் ஒதுக்கினார்கள். பியூலா நிமிர்ந்தாள், பார்த்தாள், குனிந்துகொண்டாள். காது குத்த வந்த ஆசாரி, "தாய்மாமன் யாருப்பா?" என்று கேட்டார். பியூலா என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். "வந்து உக்காருடா" என்றாள். சாம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சின்னவள் வீறிட்டு அழுதாள், அவனும் அழுதான்.

பெரியவள் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறு வயது. என்னை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்கதான் அம்மாச்சியா? எனக்குக் குத்துனப்ப மாமா ஏன் வரல?"

உன் பெயர் நாக்கு நுனியில் நின்றது அக்கா. சத்தியமாக நின்றது. விழுங்கினேன்.

"அம்மாச்சிதான் விடலத்தா. பயந்துட்டேன்."

"யாருக்கு?"

"சனத்துக்கு."

அவள் கழுத்தை நீட்டி மண்டபத்தை முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தாள். "அவுக எங்க இருக்காக?" என்றாள்.

நானும் பார்த்தேன். சபைக்காரர் ஒருவரும் இல்லை. நீயும் இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் இப்போது தினமும் காலையில் வேதத்தின் முன்னால் உட்காருகிறேன். பியூலா இன்னும் முழுசாகப் பேசவில்லை. போன ஞாயிறு போன் பண்ணி "சாப்டியாம்மா" என்று கேட்டு வைத்துவிட்டாள். எனக்கு அது போதும், இப்போதைக்கு. இப்போது சுவிசேஷங்களில் இருக்கிறேன். நமக்குத் தப்பு செய்தவர்களை மன்னிக்கச் சொல்கிற இடம் இன்னும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். பிடிக்காத பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவதுதான் நீயும் நானும் சேர்ந்து செய்த தப்பு. நான் புரட்டமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டாவது வாசிப்பேன். அதுவரைக்கும் நீ காத்திரு.

உன் தங்கை