சுழல் என்ஜினும் அக்காவும்

அக்கா,

இன்று காலை எங்கள் மல்வேர்ன் பகுதியில் பஸ்சுக்கு நின்றபோது, ஒரு பழைய கார் உன் காரைப் போலவே எரிந்த எண்ணெய் வாசத்தை விட்டுவிட்டுப் போனது. வந்த பஸ்சில் நான் ஏறவில்லை. வேலைக்குப் பிந்தும் என்று தெரிந்தும் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

கராஜில் உன் சிவப்புக் கார் நிற்கிறது. அந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை, என்ஜின் செத்த நிலையில் நீ இழுத்து வந்த நாளே நான் சண்டை பிடித்தேன். பகல் முழுக்க பாக்டரியில் கார்ப் பாகங்கள் கடைகிறவளுக்கு வீட்டிலும் இரும்பா?

"உது மற்றக் கார் மாதிரி இல்லையடி. உள்ளுக்கை பிஸ்டன் இல்லை, மூண்டு மூலைத் துண்டொண்டு சுத்துது" என்றாய்.

அந்த என்ஜின் உருவான கதையையும் சொன்னாய். சுற்றும் மூலைகள் உள்சுவரை அலை அலையாகக் கீறினவாம். செய்தவர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்றார்களாம். மூலையில் காற்றுக் கசியாமல் பொருத்தும் சீல் என்ற அடைப்புத் துண்டுக்கு எலும்பைக்கூட வைத்துப் பார்த்தார்களாம். கடைசியில் கரியும் அலுமினியமும் சேர்ந்த சீல்தான் அந்தக் காரைத் தெருவுக்குக் கொண்டுவந்ததாம்.

கான்சர் என்று தெரிந்த பிறகும் நீ விடவில்லை. மருந்து ஏற்றியதில் உன் விரல்கள் மரத்துப்போயின. மெல்லிய சீல் நழுவி நழுவி விழுந்தது.

"ஒருக்கா நீ வைச்சுத் தாவன்."

"மாட்டன். உந்தக் காரை வித்துப்போட்டுப் போய்ப் படு!"

நீ குனிந்து, விழுந்த சீலை நிலத்தில் தடவித் தேடினாய். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுக் கராஜுக்கு ஓடுவேன். நீ குறிப்பு எழுதிய கொப்பியைப் பார்த்து என்ஜினை நானே பொருத்தினேன். முதல் தரம் அசையவில்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு ஸ்பிரிங் தலைகீழாக இருந்தது. மறுதரம் இருமிவிட்டு நின்றது. மூன்றாம் தரம் புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அங்கிள் ஓடி வந்தார்.

"என்ன பிள்ளை, இவ்வளவு புகை?"

"அக்கான்ரை கார், அங்கிள். ஓடுது."

சொல்லிவிட்டு அங்கேயே இருந்து அழுதேன்.

இன்று அந்தக் காரை ஸ்ரௌவ்வில் என்ற ஊர்வரை ஓட்டிப் போனேன். வேலையிடத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அந்தச் சீலை வைக்க எனக்கு இரண்டு நிமிஷம்தான் பிடித்தது, அக்கா. நீ கேட்ட அன்றே வைத்திருந்தால், இந்தச் சத்தத்தை நீ கேட்டிருப்பாய். எங்கே காரை நிறுத்தினாலும் அந்த இரண்டு நிமிஷம் என்னை இறங்க விடுகிறதில்லை.